‘மோர் பெட்டர்’ ஏன் தவறு? ஆங்கிலத்தில் ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை நம்பிய மானாவாரி பூமி. ‘கேரளாவைவிட திருச்சுழியில மழை கம்மி’ என்று அங்கே யாராவது சொன்னால் எந்தக் குழப்பமும் வராது. இதையே, அந்த ஊரிலிருந்து வேலைக்குப் போன ஒருவர் ஆபீஸ் ரிப்போர்ட்டில் ‘திருச்சுழிஸ் ரெயின்ஃபால் இஸ் லெஸ் தேன் கேரளா’ என்று எழுதினால்? மழையை ஒரு மாநிலத்தோடு ஒப்பிட்டதாகிவிடும். ‘லெஸ் தேன் தட் ஆஃப் கேரளா’ என்பதே சரி. மழையை மழையோடுதான் ஒப்பிட வேண்டும்.

சிக்கல் எங்கே?

தமிழில் ‘விட’ என்ற ஒரே சொல் ஒப்பீட்டைச் சொல்லிவிடும். ‘நல்ல’, ‘பெரிய’ போன்றவை மாறாது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே மாறும்: குட், பெட்டர், பிக், பிக்கர். பெட்டருக்குள்ளேயே ‘அதைவிட’ இருப்பதால் மோர் தேவையில்லை. அழுத்திச் சொல்ல ‘மச் பெட்டர்’ போதும். சீனியர், ஜூனியர் வந்தால் ‘தேன்’ வராது, ‘டூ’ வரும்.

பொருளே மாறும் இடம்

‘ஐ ஹெல்ப்ட் தி கிளையன்ட் மோர் தேன் மை மேனேஜர்.’ அப்ரைசல் படிவத்தில் இப்படி எழுதினால் இரண்டு அர்த்தம் வரும். மேனேஜர் உதவியதைவிட நான் அதிகம் உதவினேன் என்பது ஒன்று. மேனேஜருக்கு உதவியதைவிட கிளையன்ட்டுக்கு அதிகம் உதவினேன் என்பது இன்னொன்று. முதல் அர்த்தம்தான் வேண்டும் என்றால் கடைசியில் ‘டிட்’ சேர்த்தால் போதும். இரண்டாவது என்றால் ‘மோர் தேன் ஐ ஹெல்ப்ட் மை மேனேஜர்’.

‘ஷி இஸ் ஃபாஸ்டர் தேன் எனிவன் இன் ஹெர் டீம்’ என்பதிலும் ஓட்டை உண்டு. அவரும் அந்த டீம்தானே? தன்னைவிடத் தானே வேகம் என்றாகிவிடும். ‘எனிவன் எல்ஸ்’ என்றால் சரி.

எத்தனை மடங்கு?

போன வருஷம் 10 மூட்டை மக்காச்சோளம். இந்த வருஷம் ‘த்ரீ டைம்ஸ் மோர்’ என்றால் சிலர் 30 என்று எடுத்துக்கொள்வார்கள். சிலர் பழைய 10-ஐயும் கூட்டி 40 என்பார்கள். விலை பேசும் மெயிலில் இது பண விவகாரம். ‘த்ரீ டைம்ஸ் ஆஸ் மெனி பேக்ஸ்’ என்றால் 30 மூட்டைதான்.

மெயிலை அனுப்பும் முன் ஒரு சின்ன சோதனை: எதை, எதோடு, எந்த விஷயத்தில் ஒப்பிடுகிறோம் என்று முதலில் தமிழில் முழுசாகச் சொல்லிப் பாருங்கள். அந்த மூன்றும் ஆங்கில வாக்கியத்தில் இருந்தால் தைரியமாக அனுப்பலாம்.