ஒளியை வளைத்தால் பொருள் மறையுமா?



மந்திர மையைப் பூசிக்கொண்ட ஒருவன் பிறர் கண்ணிற் படாமல் உலவிய கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1897ஆம் ஆண்டில் கண்ணுக்குப் புலப்படாத மனிதனைப் பற்றி ஒரு நாவலே எழுதினார். இத்தகைய மறைவு மெய்யாகவே இயலுமா? அறிவியல் கூறும் விடையைக் காண்போம்.

ஒரு பொருளின்மீது பட்ட ஒளி நம் கண்ணை வந்தடைவதனாலேயே நாம் அப்பொருளைக் காண்கின்றோம். தெளிந்த கண்ணாடியும் நமக்குத் தெரிவது ஏன்? அதன் பரப்பில் ஒளியின் ஒரு சிறு பகுதி பட்டுத் திரும்புகின்றது. எஞ்சிய ஒளி உள்ளே நுழைகையில் வேகம் குறைந்து திசை மாறுகின்றது. இதனை ஒளிவிலகல் என்பர். ஒளி காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீட்டர் செல்லும். நீரிலோ 225,000 கிலோமீட்டரே செல்லும்.

பைரெக்ஸ் கண்ணாடிக் குச்சி ஒன்றைக் கிளிசரினில் அமிழ்த்தினால், அமிழ்ந்த பகுதி மறைந்துவிட்டதைப் போலத் தோன்றும். இரண்டிலும் ஒளியின் வேகம் ஏறக்குறைய ஒன்றே. ஆகையால் ஒளி வளைவதுமில்லை, திரும்புவதுமில்லை. இச்சோதனையை ஆசிரியரின் துணையோடு செய்து பாருங்கள்.

ஆனால், கல்லும் மனிதனும் கண்ணாடி அல்லவே! அவற்றை மறைக்க வேறு வழி வேண்டும். ஆற்றின் நடுவே நிற்கும் தூணைக் கவனியுங்கள். நீர் இருபுறமும் பிரிந்து, தூணைச் சுற்றிச் சென்று, மீண்டும் ஒன்றுகூடுகின்றது. சற்றுத் தொலைவில் நின்று நீரை மட்டும் பார்ப்பவன் தூண் இருப்பதை அறியான். அதுபோல ஒளியும் ஒரு பொருளைச் சுற்றிச் சென்று பழைய வழியிற் சேருமாயின், அப்பொருள் மறையும். அதற்குப் பின்னால் உள்ள காட்சியே தெரியும்.

இலண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் ஜான் பெண்ட்ரியும் பிறரும் இதற்கான கணக்கை 2006ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவ்வாண்டிலேயே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித் குழுவினர், தனிமுறையில் அமைத்த வளையங்களின் நடுவே ஒரு செப்பு உருளையை வைத்து, நுண்ணலைகளை அதனைச் சுற்றிச் செல்லுமாறு வளைத்தனர். மறைவு முழுமையானதன்று; எனினும், இயலும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

அந்த நுண்ணலையின் நீளம் சில சென்டிமீட்டர். கண் காணும் ஒளி அலையின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு. அத்துணை நுண்ணிய அமைப்புகளைச் செய்து, எல்லா நிறங்களையும் ஒருங்கே வளைப்பது மிகவும் அரிது. ஆகவே, நடமாடும் மனிதனை எல்லாத் திசையிலிருந்தும் மறைக்கும் ஆடை இன்றளவும் இல்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒளி முழுவதும் ஒருவனைச் சுற்றிச் சென்றுவிட்டால், அவன் கண்ணுக்குள் ஒளி புகுவது எவ்வாறு? பிறர் கண்ணுக்கு மறைந்தவன் தானும் காணாதவன் ஆவான்! பார்க்க விரும்புபவன் சிறிதளவேனும் ஒளியை ஏற்றாக வேண்டும். அவ்வளவில் அவன் பிறருக்குப் புலப்பட்டே தீருவான்.

மாணவர்களே! கதையைக் கேட்டு வியப்பதோடு நின்றுவிடாதீர்கள். 'அஃது எவ்வாறு இயலும்?' என்று வினவுங்கள். அவ்வினாவே அறிவியலின் முதற்படி.