உங்களுக்குத் தெரியுமா? ‘சார், நெட் ஸ்லோ!’

★ 1964-இல் லேத்துகளை நம்பித் தொடங்கியது அம்பத்தூர் தொழிற்பேட்டை. இன்று அதே அம்பத்தூரில் என்டிடி நிறுவனத்தின் டேட்டா சென்டர் இருக்கிறது. ஆனாலும் பக்கத்துத் தெரு ஆபீசில் ஒரு கணக்கு ஃபைல் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். லைன் கொடுத்தவரைத் திட்டும் முன் மேசைக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

★ லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள். 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 4 போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஜாக்கில் அந்தக் கூடுதல் நான்கில் ஒரு கம்பி சரியாகக் கிரிம்ப் ஆகாவிட்டால், பெரும்பாலும் நெட் நிற்காது. சத்தமில்லாமல் 1000-லிருந்து 100-க்கு இறங்கிவிடும். நிற்காததால்தான் கேபிளை யாரும் சந்தேகிப்பதில்லை.

★ ஆயுத பூஜைக்கு ஆபீசைச் சுத்தம் செய்கிறார்கள். நெட்வொர்க் சுவிட்சிலிருந்து ஒரு கேபிள் தொங்குகிறது. ‘பாவம், கழன்றுவிட்டது’ என்று மறுமுனையையும் அதே சுவிட்சில் செருகிவிடுகிறார் ஒரு நல்லவர். அவ்வளவுதான்! எல்லோருக்கும் போகவேண்டிய ஒரு தகவல் அந்த வளையத்தில் பெருகிப் பெருகிச் சுற்ற, விளக்குகள் எல்லாம் ஒரேயடியாகச் சிமிட்டும். மொத்த ஆபீசும் படுத்துவிடும். இதைத் தடுக்கும் ‘ஸ்பேனிங் ட்ரீ’ முறையை 1985-இலேயே ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி வகுத்துவிட்டார். விலை மலிந்த சுவிட்சுகளில் பலவற்றில் அது கிடையாது.

★ 100 எம்பிபிஎஸ் பிளானில் நொடிக்கு 100 மெகாபைட் இறங்காது. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். ஆக, அதிகபட்சம் 12.5.

★ சாப்பாட்டு அறை மைக்ரோவேவ் ஓடும் அலைவரிசை 2.45 கிகாஹெர்ட்ஸ். பழைய வைஃபையும் அதே பக்கம்தான். மதியம் ஒரு மணிக்கு மட்டும் நெட் இழுத்தால், சாம்பார் சூடாகிறது என்று அர்த்தம்.

★ ‘பிங் அடிச்சுப் பார்’ என்கிறோமே, அந்த நிரலை 1983-இல் எழுதியவர் மைக் மூஸ். நீர்மூழ்கியைத் தேடும் சோனாரின் ஒலிதான் பெயர்க்காரணம். முதலில் உங்கள் ரவுட்டருக்கே பிங் அடியுங்கள். கேபிளில் 1 மில்லி செகண்டுக்குள் பதில் வரவேண்டும். சென்னையிலிருந்து கடலடிக் கேபிளில் சிங்கப்பூர் போய்த் திரும்ப ஒளிக்கு ஏறக்குறைய 32 மில்லி செகண்ட் போதும். அடுத்த அறை ரவுட்டர் 40 காட்டினால், உங்களுக்குச் சிங்கப்பூர்தான் பக்கம்!