சிறகு கெட வெட்டப்பட்ட கிளியைத் தேற்றும் முறை

நெற்கதிர் பால்பிடித்து முற்றும் காலத்தில் வயற்காவலர் தகரம் தட்டியும் கவண் எறிந்தும் கிளிக்கூட்டங்களைத் துரத்துவர். சோளச் சேனையிலும் இதே போராட்டந்தான். ஆயினும் மாலையில் வீடு திரும்பிய அதே கமக்காரர், விறாந்தையில் தொங்கும் கூட்டருகே நின்று, தம் பிள்ளைகள் வளர்க்கும் கிளிக்குக் கொய்யாப்பழத் துண்டொன்றை நீட்டுவதையும் காணலாம். வயலிற் பகையாகிய பறவை வீட்டில் உறவாகி விடுகின்றது.

அவ்வாறு வளரும் கிளி பறந்துவிடுமோ என்னும் அச்சத்தினால் அதன் சிறகை வெட்டுவது பல வீடுகளில் வழக்கம். கத்தரிக்கோல் பிடிக்கத் தெரிந்தவர் எவரோ ஒருவர் ஒரு பக்கச் சிறகை விரித்து, அங்குள்ள இறகுகளை எல்லாம் தோலை ஒட்டி ஒரே வெட்டாய் வெட்டிவிடுகிறார். மறுநாள் நாயின் குரைப்புக்கு வெருண்ட கிளி வழமைபோற் பறக்க எழுந்து, சுழன்று, நெஞ்சு மோதத் தரையில் விழுகின்றது. சாணகம் மெழுகிய பழைய மண்தரை ஓரளவு மெதுமையானது. இன்றைய சீமெந்துத் தரை அத்தகைய இரக்கம் காட்டுவதில்லை.

சிறகின் அமைப்பு

கிளியின் ஒவ்வொரு சிறகின் நுனிப்பகுதியிலும் நீண்ட வெளியிறகுகள் 10 உள்ளன. பறவையை முன்னோக்கித் தள்ளுவன இவையே. அவற்றையடுத்து உடலை நோக்கி அமைந்த உள்ளிறகுகள் அதனை அந்தரத்தில் தாங்குவன. வெளியிறகுகள் மட்டும் இரு புறமும் ஒரே அளவாகக் குறைக்கப்பட்டால், கிளி உயர எழ இயலாதாயினும் சாய்வாக மிதந்து இறங்கவேனும் முடியும். உள்ளிறகுகளும் சேர்த்து வெட்டப்பட்ட கிளி கல்லைப் போல விழும். ஒரு பக்கம் மட்டும் வெட்டப்பட்டதோ சமநிலை இழந்து சுழன்று விழும். ஒரு பக்கம் வெட்டினாற் போதும் என்று சொல்வோர் இன்றும் உளர். அது முற்றிலும் பிழையான யோசனை.

முற்றிய இறகு மனிதரின் நகத்தைப் போன்றது. வெட்டினால் நோவு இல்லை. புதிதாய் முளைத்து வளரும் இறகின் தண்டிலோ இரத்தம் ஓடும். கருநீலமாகத் தடித்துத் தோன்றும் அத்தண்டை வெட்டினால் இரத்தம் பெருகும். மேலும், கூராக விடப்பட்ட வெட்டுமுனைகள் விலாவைக் குத்தி உறுத்துவதனால், சில கிளிகள் அவற்றைக் கடித்துக் கடித்து ஈற்றில் நல்ல இறகுகளையும் பிடுங்கத் தொடங்கும். ஒருமுறையேனும் பறந்து பழகுமுன் சிறகிழந்த குஞ்சின் நிலை இன்னும் பரிதாபமானது. பறக்கவும் இறங்கவும் அது கற்றதேயில்லை.

முதல் நாளிற் செய்யவேண்டியவை

முதலில் இரத்தம் கசிகின்றதா என்று பார்த்தல் வேண்டும். ஏறக்குறைய 120 கிராம் நிறையுள்ள பச்சைக்கிளியின் உடலில் உள்ள இரத்தம் மொத்தமாக ஒரு மேசைக்கரண்டி அளவுக்கு மேற்படாது. ஆகையால் துளித்துளியாக ஒழுகுவதைக் கூட அற்பமென விடலாகாது. கிளியை மெல்லிய துணியாற் சுற்றி, கசியும் இடத்திற் சிறிது சோளமாவை அப்பி, சுத்தமான துணியினால் சில நிமிடம் அழுத்திப் பிடித்தல் வேண்டும். பிடிக்கும்போது நெஞ்சை நெரிக்கக் கூடாது. பறவை நெஞ்செலும்பை முன்னும் பின்னும் அசைத்தே மூச்சு விடுகின்றது. நெஞ்சை இறுக்கினால் அது மூச்சடைத்து மாளும். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், நல்லெண்ணெய் முதலியவற்றைப் பூசுதல் தகாது. இரத்தம் நில்லாவிடின் தாமதியாது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்க.

அடுத்து நெஞ்செலும்பின் மேற்றோலைப் பார்க்க வேண்டும். இறகை ஊதி விலக்கினால் அங்கு கன்றலோ வெடிப்போ இருப்பது தெரியும். பலமுறை விழுந்த கிளிகளில் இவ்விடந்தான் பிளக்கும். ஒவ்வொரு வீழ்ச்சியிலும் ஆறிவரும் புண் மீண்டும் திறக்கும். இதனைக் கைமருந்தால் ஆற்ற முயல்வது வீண். வைத்தியரே தைத்தோ கட்டியோ மாற்றுதல் வேண்டும்.

பின்னர் கூட்டை மாற்றியமைக்க வேண்டும். வளையில் உயரத் தொங்கும் கூட்டை இறக்கித் தாழ்ந்த மேசை மீது வைத்து, உட்தரையில் சணற்சாக்கை நாலைந்து மடிப்பாக விரித்து, அதன்மேற் கடதாசி இடுக. கடதாசியைத் தினமும் மாற்றலாம். எச்சத்தின் நிறமும் இறுக்கமும் அதிற் தெளிவாகத் தெரியும். கிளி நிற்கும் கொம்பு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தாற் போதும். வழுவழுப்பான குழாய்களை நீக்கி, பட்டை உரிக்காத கொய்யாக் கொப்புகளைப் பலவகைத் தடிப்பில் இட்டால் கால்கள் உறுதியாகப் பற்றும். மேலே ஏற விரும்பும் கிளிக்குக் கயிற்றேணி ஒன்று அமைத்துக் கொடுத்தால் அது பறக்க எத்தனியாது நடந்தே ஏறும். கூடு தாழ்வதனால் பூனையும் சாரைப்பாம்பும் எறும்பும் எளிதில் அணுகும் என்பதை மறவாது, இரவில் அடைத்த அறையினுள் வைத்தல் நன்று.

காத்திருக்கும் காலம்

வெட்டிய இறகு வெட்டிய இடத்திலிருந்து வளர்வதில்லை. அடிக்கட்டை தானாக உதிர்ந்த பின்னரே அதே குழியிலிருந்து புதிய இறகு முளைக்கும். கிளி ஆண்டுக்கொருமுறை இறகுதிர்க்கும் இயல்புடையது. ஆதலால் வெட்டிய காலத்தைப் பொறுத்துச் சில மாதமோ ஓராண்டோ பொறுத்திருக்க நேரும். இப்பொறுமை இல்லாதவர் அடிக்கட்டைகளைக் குறட்டினாற் பிடுங்க முயல்வதுண்டு. இது பெருந்தீங்கு. குழி பழுதடைந்தால் இறகு கோணலாக முளைக்கும்; அல்லது என்றுமே முளையாது போகும்.

கிளியினத்தில் வெளியிறகுகளின் உதிர்வு நடுவிலிருந்து தொடங்கி இரு புறமும் செல்வது வழக்கம். அயலில் நீண்ட இறகுகள் இருந்தால் அவை வேலியைப் போல் நின்று இளந்தண்டைக் காக்கும். அடியோடு வெட்டப்பட்ட சிறகிலோ முதலில் முளைக்கும் இறகு தனித்து நிற்கும். சிறு மோதலிலேயே முறிந்து இரத்தம் சிந்தும். இவ்வாறு முளைப்பதும் முறிவதுமாகவே சில கிளிகள் நெடுங்காலம் பறவாதிருக்கின்றன. ஆகவே இளந்தண்டு தோன்றிய வாரங்களிற் சிறகைத் தொடாமலும் கிளியை வெருட்டாமலும் பார்த்துக்கொள்வது மற்றெல்லா வேலையிலும் முக்கியமானது. பிள்ளைகளுக்கும் இதனைச் சொல்லி வைத்தல் வேண்டும்.

இடைக்காலத்துக்கு வேறொரு வழியும் உண்டு. உதிர்ந்த நல்லிறகொன்றை மெல்லிய மூங்கிற் சிம்பினால் பழைய தண்டுடன் பொருத்தி ஒட்டுதல் வல்லூறு வளர்ப்போர் பல நூற்றாண்டுகளாகக் கையாண்ட முறை. இன்று பறவை வைத்தியரும் இதனைச் செய்வர். வெளியே தண்டு சிறிதேனும் எஞ்சியிருந்தாலே இது கைகூடும். வீட்டிற் செய்து பார்க்கத்தக்க வேலையன்று.

உணவு

இறகு பெரும்பாலும் புரதத்தினால் ஆயது. நெல்லும் சோறும் மிளகாயும் மட்டும் பெறும் கிளிக்கு நல்லிறகு முளைப்பது அரிது. (மிளகாய் பறவைக்கு உறைப்பதில்லை, அதனைத் தின்பதனாற் கிளி பேசும் என்பது வெறும் கதை.) பயிருக்கு உரமிடுவதன் பயனை அறிந்த கமக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஊறவைத்து முளைகட்டிய பயறு, அவித்த கடலை, வாரத்திற் சில நாள் அவித்த முட்டையில் ஒரு தேக்கரண்டி, குரக்கன், தினை, சாமை ஆகியன தானியப் பங்குக்கு ஏற்றவை. முருங்கையிலை, பப்பாசிப்பழம், பூசணி, கரற் என்பன தோலுக்கும் இறகுக்கும் தேவையான உயிர்ச்சத்து ‘ஏ’யை அளிப்பன. முளைகட்டிய பயறு புளித்து நாறினால் எறிந்துவிட வேண்டும். புதிய உணவைக் கிளி முதலில் ஒதுக்கும். பழைய உணவை ஒரேயடியாக நிறுத்தாது சிறிது சிறிதாக மாற்றுக.

கமக்காரர் வீடுகளிற் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மருந்திட்ட விதைநெல்லையோ விதைச்சோளத்தையோ எஞ்சியதென்று கிளிக்கு இடலாகாது. அண்மையிற் பூச்சிநாசினி தெளித்த தோட்டத்துக் காய், கீரை என்பனவும் அத்தகையனவே. பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையும் சோளமும் ஈரலைக் கெடுக்கும். ஆனைக்கொய்யா எனவும் வெண்ணெய்ப்பழம் எனவும் வழங்கும் பழம் பறவைகளுக்கு நஞ்சு. சொக்கிலேற்று, தேநீர், கோப்பி, உப்பிட்ட பண்டங்கள் ஆகியவற்றையும் விலக்குக.

காலையில் இளவெயிலும், ஒதுங்க நிழலும், அகன்ற தட்டிற் சிறிது தண்ணீரும் இருந்தாற் கிளி தானே குளிக்கும். நனைந்த இறகைக் கோதும்போது புதிய இறகின் மேலுறை உதிர்ந்து மடல் விரியும். மாலையிற் குளிப்பாட்டி ஈரத்துடன் உறங்க விடுதல் ஆகாது.

சமையலறைத் தராசில் வாரந்தோறும் கிளியை நிறுத்து எழுதி வைப்பது பயனுள்ள பழக்கம். 120 கிராம் இருந்த கிளி 108 கிராமுக்கு இறங்கினால் நோயென்று கொள்ளலாம். இறகைச் சிலிர்த்துக் கூட்டின் அடியிற் குந்தியிருத்தல், வாய் திறந்து மூச்சு விடுதல், மூச்சுக்கேற்ப வால் மேலும் கீழும் ஆடுதல் என்பனவும் வைத்தியரை நாட வேண்டிய அறிகுறிகள்.

பறக்கப் பழக்குதல்

நெடுநாட் பறவாத கிளியின் நெஞ்சுத் தசை மெலிந்திருக்கும். இறகு முழுதும் வளர்ந்தவுடன் அது பறந்துவிடும் என எதிர்பார்த்தல் கூடாது. நெஞ்சுப்புண் ஆறி, இளந்தண்டுகளும் முற்றிய பின்னர், கிளியைக் கைமேல் நிறுத்தி, மெத்தைக்கு மேலாகக் கையை மெல்லத் தாழ்த்தினால் அது சிறகடிக்கும். நாளுக்கு இருமுறை, சில தடவைகள் போதும். வாய் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிறுத்துக. சில நாளின் பின் கொம்பிலிருந்து கைக்கு ஒரு முழ தூரம் தாவ விடலாம். தாவி வந்தால் விருப்பமான தீன் ஒரு துண்டு கொடுத்தல் வேண்டும். தூரத்தைப் படிப்படியாகக் கூட்டுக. மேலேறுவதிலும் கீழிறங்குவதே கிளிக்குக் கடினம். உயரத்தில் ஏறி இறங்கத் தெரியாது கத்துவதைக் கண்டு துரத்தக் கூடாது. பொறுமையாகக் கையை நீட்டி, தாழ்ந்த இடம் ஒன்றைக் காட்டி அழைக்க வேண்டும்.

இப்பயிற்சி அடைத்த அறையில் நடத்தற்குரியது. மின்விசிறியை நிறுத்தி, யன்னற் கண்ணாடிக்கும் நிலைக்கண்ணாடிக்கும் துணி தொங்கவிட்டு, தண்ணீர் வாளிகளை மூடி வைக்க வேண்டும். அடுப்படிக்குள் ஒருபோதும் விடலாகாது. கொதிக்கும் பாத்திரம் ஒருபுறமிருக்க, ஒட்டாத பூச்சுப் பூசிய தாச்சி அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் புகை பறவைகளைச் சில நிமிடங்களிற் கொல்லும்.

சிறகு மீண்ட பின் திரும்பவும் வெட்டுவதா என்னும் கேள்வி எழும். வெட்டாது விடுவதே மேல். அகலமான கூடும், கதவடைக்கும் ஒழுங்கும் இருந்தாற் கத்தரிக்கோல் வேண்டியதில்லை. தவிர்க்க முடியாத இடத்து வைத்தியரைக் கொண்டு இரு சிறகிலும் வெளியிறகுகள் சிலவற்றை மட்டும் சமமாகக் குறைப்பிக்கலாம். எவ்வாறு குறைத்தாலும் காற்று வீசும் வெளியில் அக்கிளி பறந்துவிடக் கூடும். கைவளர்ப்பிற் பழகிய கிளியை இரக்கத்தினால் வயல்வெளியில் விட்டுவிடுவதும் முறையன்று. இரை தேடவும் பருந்துக்கு ஒளிக்கவும் அது அறியாது.

இலங்கையிற் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கும் அதன் திருத்தங்களுக்கும் உட்பட்டவை. சாம்பல் நிறத் தலையும் முதுகும் உடைய சிறு கிளியோ இத்தீவிலன்றி வேறெங்கும் இல்லை. பொந்திலிருந்து குஞ்சுகளை எடுத்தல் கூடாது. காயமுற்ற காட்டுக்கிளி வயலிற் கிடைத்தால், காற்றுத் துளையிட்ட கடதாசிப் பெட்டியில் வைத்து, வனசீவராசிகள் திணைக்களத்தின் அண்மையிலுள்ள அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். கிளியையோ கூட்டையோ தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுக. கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நுரையீரற் காய்ச்சல் ஒன்றுண்டு. காய்ந்த எச்சத்தின் தூசியே அதனைப் பரப்புவது. ஆகவே கூட்டைத் துடைக்குமுன் தண்ணீர் தெளித்து நனைத்துக் கொள்ளல் வேண்டும்.