பள்ளிக் கதையும் பன்னாட்டுச் சந்தையும்

கைத்தொலைபேசி விளையாட்டுகளுள் பள்ளிக்கூடத்தையே களமாகக் கொண்டவை இன்று ஒரு தனி வகையாக வளர்ந்துள்ளன. வகுப்பறை, சீருடை, மணியோசை, மாலைநேரக் கழகங்கள் ஆகியவையே இவற்றின் மூலப்பொருள். ஒரே விளையாட்டு ஒரு நாட்டில் பெரும்பொருள் ஈட்ட, மற்றொரு நாட்டில் வாடிப்போவது ஏன் என்பது ஆராயத்தக்கது. இரண்டு விளையாட்டுகளின் வரலாறு இதற்கு விடையளிக்கும்.

முதலாவது, 'லவ் லைவ்! ஸ்கூல் ஐடல் பெஸ்டிவல்'. இது 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் ஜப்பானிலும், 2014இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மாணவர் தொகை குறைந்து மூடப்படவிருக்கும் ஒரு பள்ளியைக் காக்க மாணவியர் பாடகர் குழு அமைப்பதே மூலக்கதை. இரண்டாவது, தென்கொரியாவின் நெக்சன் கேம்ஸ் உருவாக்கிய 'புளூ ஆர்க்கைவ்'. மணல் சூழ்ந்த ஒரு பள்ளி. எஞ்சியிருப்போர் ஐந்தே மாணவியர். தலைக்கு மேல் கடன். அப்பள்ளிக்குத் துணைநிற்கும் ஆசிரியராக விளையாடுபவர் வந்து சேருகிறார். தோட்டப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதைக் கண்ட இந்நாட்டு வாசகருக்கு இக்கதைகளின் துயரம் புதிதன்று.

'புளூ ஆர்க்கைவ்' கொரியாவில் பிறந்தும், முதலில் அரங்கேறியது ஜப்பானிலேயே. யோஸ்டார் நிறுவனம் 2021 பிப்ரவரி 4இல் அதனை அங்கு வெளியிட்டது. கொரியாவிலும் பிற நாடுகளிலும் அவ்வாண்டு நவம்பரில்தான் வந்தது. வருவாயின் பெரும்பகுதியும் ஜப்பானிலிருந்தே கிடைத்தது. இரண்டாம் ஆண்டு நிறைவையொட்டி, 2023 ஜனவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் ஜப்பானிய விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது.

காரணம் யாது? ஜப்பானில் ஏப்ரலில் செர்ரிப் பூக்களோடு பள்ளியாண்டு தொடங்குவதும், கலாசார விழாவும், கழகப் பயிற்சியும் எல்லாரும் வாழ்ந்து பழகியவை. சித்திரக் கதைகளும் திரைப்படங்களும் பல தலைமுறைகளாக அந்நினைவைப் பேணி வந்திருக்கின்றன. பிறப்பு விகிதம் குறைந்து, மெய்யாகவே பள்ளிகள் மூடப்படும் நாடும் அது. பணம் செலுத்துவோருள் பள்ளியை விட்டு நீங்கிய வளர்ந்தவர்கள் பலர். அவர்கள் வாங்குவது கடந்துபோன இளமையின் சாயல் என்றால் மிகையாகாது.

இவ்விளையாட்டுகளில் நுழைய கட்டணமில்லை. வருவாய் 'கச்சா' என்னும் குலுக்கல் முறையால் வருகிறது. காசிட்டுக் கைப்பிடியைத் திருகினால் ஏதேனும் ஒரு பொம்மை விழும் ஜப்பானியப் பொறியின் பெயரே இது. விரும்பிய பாத்திரம் கிட்டும்வரை சிலர் மேலும் மேலும் செலவிடுவர். பெரும்பாலோர் ஒரு காசும் கொடுப்பதில்லை. ஆகவே, ஆடுவோரின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவர்தம் பற்றின் ஆழமே வருவாயை நிர்ணயிக்கிறது.

சீனாவின் நிலை வேறு. அங்கு அயல்நாட்டு விளையாட்டு ஒவ்வொன்றும் அரசின் உரிமம் பெறவேண்டும். 'புளூ ஆர்க்கைவ்' 2023 மார்ச்சில் உரிமம் பெற்று ஆகஸ்டு 3இல் வெளிவந்தது. ஜப்பானில் வெளிவந்து இரண்டரை ஆண்டுகள் கடந்துவிட்டபடியால், ஆர்வமிக்கோர் பலர் பிறநாட்டுப் பதிப்புகளிலேயே ஆடிப் பழகிவிட்டனர். வருவாய் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. மேலும், 18 வயதிற்குட்பட்டோர் வெள்ளி, சனி, ஞாயிறு, பொதுவிடுமுறை நாள்களில் இரவு 8 முதல் 9 மணி வரை மட்டுமே இணையத்தில் விளையாடலாம் என்ற விதி 2021 செப்டம்பர் முதல் அங்குண்டு. பள்ளிக் கதை பள்ளிச் சிறாரை நம்பி வாழ முடியாத சந்தை அது.

கொரியாவில் 2022ஆம் ஆண்டு தரநிர்ணயக் குழு இவ்விளையாட்டின் வயது வரம்பை உயர்த்தப் பணித்ததும் பெரும் வாதம் எழுந்தது. குலுக்கலில் எப்பொருள் எத்தனை விழுக்காடு கிட்டும் என்பதை வெளியிடுவதை 2024 மார்ச் 22 முதல் அந்நாடு சட்டமாக்கியது. ஜப்பானோ, பல பொருள்களைச் சேர்த்து முழுத் தொகுதியாக்கினால் மட்டுமே பரிசு தரும் குலுக்கலை 2012லேயே தடுத்துவிட்டது.

மேலைச் சந்தைக்கு 'லவ் லைவ்' ஒரு சான்று. பத்தாண்டு நடந்த முதல் விளையாட்டு 2023 மார்ச்சில் முடிவுற்றது. அதன் இரண்டாம் பாகத்தின் உலகப் பதிப்பு 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மே 31இல் மூடப்பட்டது. திறப்பு விழா அறிவிப்போடு மூடுவிழா அறிவிப்பும் சேர்ந்தே வந்தது! ஜப்பானியப் பதிப்பு தளர்ந்து மூடப்படவிருந்தமையால் அயல்நாட்டுப் பதிப்பும் உடன்சென்றது.

இவற்றால் பெறப்படுவன மூன்று. பள்ளி வாழ்வின் பொதுநினைவு உள்ள இடத்தில் விற்பனை செழிக்கிறது. காலந்தாழ்ந்த வெளியீடு அதனைக் குறைக்கிறது. சட்டம் அதன் எல்லையை வகுக்கிறது. பெற்றோர் கருதவேண்டியது ஒன்றுண்டு. குலுக்கலில் பெற்றது எதுவும் சொத்தன்று. நிறுவனம் சேவையை நிறுத்தும் நாளில் பாத்திரங்களும் அவற்றிற்குக் கொடுத்த பணமும் ஒருங்கே மறைந்துவிடும். பிள்ளையின் கையில் தொலைபேசியைத் தருமுன் இதனை விளக்கிச் சொல்வது நலம்.