வழக்கை மீட்டுக்கொள்ளும் முன்

கேமரன் மலையில் தோட்டத்து ஆள் ஒருவர் மோட்டார்சைக்கிளில் ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு இறங்குகிறார். வளைவில் காய்கறி லோரி இடித்துக் கால் முறிகிறது. செஷன்ஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார். சாலை விபத்து வழக்குக்கு அங்கே தொகை வரம்பு கிடையாது. விசாரணைக்கு முன்பே லோரியின் காப்புறுதி நிறுவனம் பேச வருகிறது, தொகையும் படிந்துவிடுகிறது. வழக்கை மீட்டுக்கொள்ளலாமா என்று லாயர் கேட்கிறார்.

மீட்பது சுலபம்தான். 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 21ஆம் ஆணைப்படி, பிரதிவாதியின் எதிர்வாதம் கைக்கு வந்த 14 நாளுக்குள் நோட்டீஸ் கொடுத்தாலே போதும். அதன் பிறகு நீதிமன்ற அனுமதி வேண்டும். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால், விசாரணை தொடங்கும்வரை அனுமதி தேவையில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தமிழ்நாட்டில் அனுமதி வாங்காமல் வழக்கை வாபஸ் வாங்கினால், அதே விஷயத்துக்காக மறுபடி வழக்குப் போட முடியாது. மலேசியாவில் அப்படியில்லை, மீட்டுக்கொண்டது மட்டுமே பின்னால் வரும் வழக்குக்குத் தடையாகாது. எதிர்த்தரப்புக்கு இது தெரியும். அதனால்தான் உத்தரவில் 'தன்பா கெபெபாசான் உந்துக் மெம்ஃபைல்கான் செமுலா' என்று எழுதச் சொல்வார்கள். திரும்பத் தாக்கல் செய்ய உரிமையில்லை என்று பொருள். பணம் முழுதாக வந்திருந்தால் அந்த வரியில் தப்பே இல்லை. வராமலே சம்மதித்தால் கதவை நாமே சாத்திக்கொண்டதாகும்.

பணம் தவணையாக வரும் என்றால் வெறுமனே மீட்டுக்கொள்ளாதீர்கள்; சம்மதத் தீர்ப்பு கேளுங்கள். தவணை நின்றால் அந்தத் தீர்ப்பை வைத்தே வசூல் நடவடிக்கை எடுக்கலாம். வெறும் சமரசக் கடிதம் என்றால், அந்தக் கடிதத்தை வைத்து இன்னொரு வழக்குப் போட வேண்டிவரும். வழக்குச் செலவு யார் தலையில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அது உங்கள் மேல் விழுந்து, கட்டாமல் புது வழக்குப் போட்டால், கட்டும்வரை நீதிமன்றம் அதை நிறுத்திவைக்கலாம்.

கெடுவையும் மறக்கக் கூடாது. இப்படிக் காயம்பட்டவர் வழக்குப் போட, பொதுவாக விபத்து நாளிலிருந்து 6 ஆண்டு அவகாசம். வழக்கை மீட்டதால் அந்தக் கணக்கு புதிதாகத் தொடங்காது.

அடிபட்டது 18 வயது நிரம்பாத பிள்ளை என்றால் அப்பா அம்மா ஒத்துக்கொண்டது மட்டும் போதாது. நீதிமன்றம் ஒப்புதல் தராதவரை அந்தச் சமரசம் செல்லாது.

மற்றவர்கள் லாயரிடம் ஒன்றை மட்டும் சொல்லிவையுங்கள்: காசோலை மாறி, பணம் கணக்கில் ஏறிய பிறகு நோட்டீஸைத் தாக்கல் செய்யுங்கள்.