காற்றுக்கு எதிரே ஒரு குடைத்தாங்கி

2002 ஜூலை 20, சனிக்கிழமை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள மியூர்ஃபீல்ட் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் போட்டியின் மூன்றாம் நாள். பிற்பகலில் கடலிலிருந்து குளிர்காற்றும் மழையும் சேர்ந்து ஏறின. அந்த ஆண்டின் முதல் இரண்டு பெரிய பட்டங்களையும் வென்றுவிட்டு மூன்றாவதைத் தேடி வந்திருந்த டைகர் வுட்ஸ் அன்று 81 அடிகள் எடுத்தார். அதுவரை அவரது தொழில்முறை வாழ்க்கையில் அவ்வளவு மோசமான சுற்று இருந்ததில்லை. மறுநாள் வானம் தெளிந்தது. அதே மைதானத்தில் அதே மனிதர் 65 அடிகளில் முடித்தார். இடைப்பட்ட 16 அடிகளில் பெரும்பங்கு வானிலையின் கணக்கு.

வுட்ஸின் பக்கத்தில் குடையோடு நிற்க ஒரு கேடி இருந்தார். மட்டைப் பையைச் சுமப்பது, துண்டை உலர வைத்திருப்பது, ஆட்டக்காரர் பந்தை நெருங்கும்வரை அவர் தலைக்கு மேல் குடை பிடிப்பது எல்லாம் கேடியின் வேலை. ஞாயிறு காலை தங்கள் ஊர் மைதானத்தில் தாங்களே தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு ஆடும் சாதாரண ஆட்டக்காரர்களுக்கு அந்த வசதி கிடையாது. அவர்களுக்காக உருவானதுதான் கோல்ஃப் பையின் விளிம்பிலோ தள்ளுவண்டியின் கைப்பிடியிலோ மாட்டிக்கொள்ளும் குடைத்தாங்கி. உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் துண்டு அது. கடையில் யாரும் அதை இரண்டாம் முறை பார்ப்பதில்லை. அதற்குள் இருக்கும் பொறியியல் சிக்கலோ, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள மட்டைகளில்கூட இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

முதலில், இந்த ஆட்டத்தில் ஈரம் ஏன் இவ்வளவு தொல்லை என்று பார்த்துவிடலாம். கோல்ஃப் மட்டையின் பிடி பெரும்பாலும் ரப்பரால் ஆனது. ஈரத்தில் வழுக்கும். அதற்காகவே பருத்தி நூல் கலந்த பிடிகளும், நனைந்தால் நன்றாகப் பிடிக்கும் செயற்கைத் துணிக் கையுறைகளும் வந்திருக்கின்றன. மட்டையின் முகத்துக்கும் பந்துக்கும் நடுவே நீர்ப்படலம் புகுந்தால் உராய்வு குறையும். பந்துக்குக் கிடைக்க வேண்டிய பின்சுழற்சியும் அதோடு குறையும். விழுந்த இடத்தில் நிற்க வேண்டிய பந்து உருண்டு போய்விடும். இதோடு பையின் அமைப்பையும் சேர்த்துப் பாருங்கள். பைக்குள் மட்டைகள் தலைகீழாக நிற்கின்றன. இரும்புத் தலை மேலே, ரப்பர் பிடி பையின் அடியில். மேலே விழும் மழைநீர் தண்டு வழியே வழிந்து நேராகப் பிடிக்குத்தான் போய்ச் சேரும். விதிப்படி ஓர் ஆட்டக்காரர் 14 மட்டைகள்வரை வைத்துக்கொள்ளலாம். பையின் வாய் திறந்திருந்தால் 14 பிடிகளும் ஒன்றாக நனையும்.

ஆகவே குடை ஆளைக் காப்பதோடு நிற்காமல் பையின் வாயையும் காக்க வேண்டும். கோல்ஃப் குடை ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதற்கும் இதுவே காரணம். விரித்தால் குறுக்கே ஏறத்தாழ 130 சென்டிமீட்டர். சாதாரணக் குடையின் கீழ் ஒருவர் ஒதுங்கலாம். இதன் கீழ் ஓர் ஆளும் ஒரு பையும் ஒதுங்கலாம். அனுபவமுள்ள கேடிகள் உலர்ந்த துண்டைக் குடையின் உட்புறக் கம்பியில் தொங்கவிடுவார்கள். மைதானத்தில் மழை எட்டாத இடம் அது ஒன்றுதான்.

பெரும்பாலான பைகளின் பக்கவாட்டில் ஏற்கெனவே ஒரு வளையமும் பட்டையும் இருக்கும். அவை மடக்கிய குடையைச் செருகி வைப்பதற்கு. குடைத்தாங்கியின் வேலை வேறு: விரித்த குடையை நிமிர்த்திப் பிடிப்பது. மடக்கிய குடையின் எடை அரைக் கிலோ, அல்லது அதற்குச் சற்று மேல். அதைப் பிடித்து வைக்க ஒரு துணிப்பட்டை போதும். விரித்த மறுகணம் அதன் எடை ஒரு பொருட்டே இல்லாமல் போகிறது. காற்று வந்து சேர்ந்துகொள்கிறது.

குடைத்தாங்கியில் மூன்று பாகங்கள் உண்டு. பையின் விளிம்பையோ வண்டியின் குழாயையோ கவ்விக்கொள்ளும் கிளாம்ப். கையால் திருகி இறுக்கும் திருகாணியோடு வரும் அது முதலாவது. குடையின் கைப்பிடியைச் செருகும் குழல் இரண்டாவது. கைப்பிடிகள் குடைக்குக் குடை வேறு பருமனில் வருவதால் இந்தக் குழல் உள்ளே போகப்போகக் குறுகியிருக்கும், அல்லது ரப்பர் உறையோடும் பக்கவாட்டுத் திருகாணியோடும் வரும். இவ்விரண்டையும் இணைக்கும் மூட்டு மூன்றாவது. குடையைச் சாய்க்கவும் திருப்பவும் உதவுவது இந்த மூட்டு. நல்ல தாங்கிகளில் மூட்டின் இரு வட்டுகளிலும் முகத்தோடு முகம் பொருந்தும் பற்கள் இருக்கும். திருகாணியைத் தளர்த்திக் கோணத்தை மாற்றி மீண்டும் இறுக்கினால், ஒரு பல் வரிசை இன்னொன்றில் பதிந்து நின்றுவிடும்.

குடையை நேராக நிறுத்தினால் போதாதா, சாய்க்க வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். பதில் மழைத்துளியின் வேகத்தில் இருக்கிறது. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளி, காற்றில்லாத நாளில் நொடிக்கு ஏறத்தாழ 6.5 மீட்டர் வேகத்தில் விழும். கடலோர மைதானத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 10 மீட்டர். ஒரு நொடியில் துளி 6.5 மீட்டர் கீழே இறங்குவதற்குள் 10 மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். அதாவது மழை செங்குத்திலிருந்து ஏறத்தாழ 57 பாகை சாய்ந்து வருகிறது. மேலிருந்து விழுவதைவிடப் பக்கத்திலிருந்து அடிப்பதே அதிகம். தலைக்கு மேல் நேராக விரித்த குடை அப்போது தொப்பியை மட்டும் காக்கும். சட்டையும் நனையும், பையின் வாயும் நனையும். குடையைக் காற்றை நோக்கிச் சாய்த்தே ஆக வேண்டும்.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் விழுகிறது. மழையைத் தடுக்க எந்தக் கோணத்தில் குடையைச் சாய்க்க வேண்டுமோ, அதே கோணத்தில்தான் காற்று அதை முழு பலத்தோடு தள்ளும். நேராக நிற்கும் குடை காற்றுக்குத் தன் பக்கவாட்டு வளைவை மட்டுமே காட்டுகிறது. சாய்ந்த குடை தன் முழு வட்டத்தையும் காட்டுகிறது. 36 கிலோமீட்டர் காற்றில், சாய்ந்து நிற்கும் 130 சென்டிமீட்டர் குடையின் மேல் விழும் விசையைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 9 கிலோ எடைக்குச் சமமாக வருகிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். பாதியானால் கால் பங்காகும். மெல்லிய காற்றில் நம்பகமாகத் தெரிந்த தாங்கி, காற்று சற்றே ஏறியதும் திடீரெனக் கைவிடுவது இந்த வர்க்கக் கணக்கினால்தான்.

9 கிலோதானே என்று தோன்றலாம். அந்த விசை செயல்படுவது கிளாம்பிலிருந்து ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் தள்ளி, குடையின் உச்சியருகே. கிளாம்ப் பையைத் தொடும் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே இருப்பது 8 சென்டிமீட்டர் என்று கொண்டால், நீளங்களின் விகிதம் பத்துக்கு ஒன்று. பாறைக்கடியில் நுனியைச் செருகிய கடப்பாரையின் மறுமுனையை ஒருவர் அழுத்துவது போன்ற நிலை இது. 9 கிலோ தள்ளுதல் கிளாம்பின் விளிம்புகளில் 90 கிலோவாகப் பெருகுகிறது. பிளாஸ்டிக் விரிசல் விடுவதும், பையின் விளிம்பு நெளிவதும், திருகாணியின் மரை தேய்ந்துபோவதும் இந்தப் பத்து மடங்கால் விளைபவை. ஆகையால் தாங்கி வாங்கும்போது பொருளின் தடிமனுக்கு முன்னால் பிடியின் நீளத்தைப் பார்க்கச் சொல்வேன். பையைக் கவ்வும் பகுதி 8 சென்டிமீட்டருக்குப் பதில் 12 சென்டிமீட்டர் இருந்தால், அதே காற்றில் 90 கிலோ 60 கிலோவாகக் குறைந்துவிடும்.

சரி, எதற்கும் அசையாத தாங்கி ஒன்றைச் செய்துவிட்டால் தீர்ந்ததா? வண்டியையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். மட்டைகள், பை, மூன்று சக்கரத் தள்ளுவண்டி எல்லாம் சேர்ந்து 18 கிலோ. சக்கரங்களுக்கு இடையே 60 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். பக்கவாட்டில் கவிழாமல் அதைத் தடுப்பது 18 கிலோ, பாதி அகலமான 30 சென்டிமீட்டர் தூரத்தில். பெருக்கினால் 540. மணிக்கு 25 கிலோமீட்டர் காற்றில் சாய்ந்த குடையின் மேல் ஏறத்தாழ 4 கிலோ விசை, தரையிலிருந்து 180 சென்டிமீட்டர் உயரத்தில். பெருக்கினால் 720. ஆட்டக்காரர் கைப்பிடியை விட்டு நகர்ந்த கணத்தில் வண்டி சாய்ந்துவிடும். அதுவும் சாதாரணக் கடலோரக் காற்றில். விழும்போது கிராஃபைட் தண்டுள்ள மட்டைகள் கல்லில் மோதினால் உடையக்கூடும். ஒரு மட்டைத் தண்டின் விலையில் பல குடைத்தாங்கிகள் வாங்கலாம்.

என் கருத்தில் இந்தக் கருவியை வடிவமைப்பவர் எடுக்கும் முக்கிய முடிவு, எந்தப் பாகம் முதலில் தோற்க வேண்டும் என்பதுதான். குடை, மூட்டு, கிளாம்ப், வண்டி என்று ஒரு சங்கிலி இருக்கிறது. மிகையான காற்றில் அதில் ஒன்று விட்டுக்கொடுத்தே தீரும். தாங்கி மிக உறுதியாக இருந்தால் வண்டி விழும். மிகத் தளர்வாக இருந்தால் ஒவ்வொரு நூறு அடி தூரத்துக்கும் ஒருமுறை நின்று குடையை நிமிர்த்த வேண்டியிருக்கும். நல்ல தாங்கியின் மூட்டு, வண்டி கவிழ்வதற்குச் சற்று முன்பே நழுவித் திரும்பும். குடை காற்றின் போக்கிலேயே மடிந்து படுத்துவிடும். எதுவும் உடையாது, மறுபடி நிமிர்த்தி வைத்தால் போதும். பற்களின் சரிவையும் ஆழத்தையும், திருகாணியின் அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தின் இறுக்கத்தையும் அந்த எல்லைக்கு ஏற்றபடி அமைப்பதில்தான் வேலைப்பாடு இருக்கிறது.

சங்கிலியின் முதல் கண்ணியான குடையும் தன் பங்கைச் செய்கிறது. 1852இல் ஷெஃபீல்டுக்கு அருகே ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் சாமுவேல் ஃபாக்ஸ் என்பவர் குடைக் கம்பிகளை எஃகில், குறுக்குவெட்டில் வாய்க்கால் போன்ற வடிவத்தில் செய்தார். அதற்கு முன் பெரும்பாலும் திமிங்கலத்தின் தாடைத் தகடுகள் குடைக் கம்பிகளாக இருந்தன. ஃபாக்ஸின் கம்பி இலேசானது, உறுதியானது. ஆனால் எஃகு ஓர் அளவுக்கு மேல் வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும். இன்றைய கோல்ஃப் குடைகளில் கண்ணாடியிழைக் கம்பிகள் வருவது அதனால்தான். அவை நன்றாக வளைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். துணியையும் இரண்டு அடுக்காகத் தைக்கிறார்கள். கீழ் அடுக்கின் நடுவில் திறப்பு; அதன் மேல் தொப்பி போல் இன்னோர் அடுக்கு. உள்ளே புகுந்த காற்று இடைவெளி வழியாக வெளியேறிவிடும், மழை உள்ளே வராது. குடை உள்வெளியாகப் புரளும் வாய்ப்பு இதனால் குறைகிறது. தாங்கியில் மாட்ட ஒற்றை அடுக்குக் குடையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையில் பிடித்திருப்பவர் காற்று திடீரென வீசும்போது தன்னையறியாமல் குடையைத் திருப்பிவிடுவார். தாங்கிக்கு அந்த உணர்வு கிடையாது.

கோல்ஃப் விதிப்புத்தகமும் இந்தக் கருவியைத் தொடுகிறது. ஆட்டக்காரர் பந்தை அடிக்கும் கணத்தில் கேடியோ வேறொருவரோ அவருக்குக் குடை பிடிக்கக் கூடாது. வெயில், மழை, காற்று எதிலிருந்தும் காப்பதற்காக வேண்டுமென்றே வைக்கப்பட்ட பொருளின் மறைவிலிருந்தும் அடிக்கக் கூடாது என்று விதி 10.2பி சொல்கிறது. மீறினால் அடிக் கணக்குப் போட்டியில் இரண்டு அடி தண்டனை. நேருக்கு நேர் போட்டியில் அந்தக் குழியே தோல்வி. அதே சமயம் ஆட்டக்காரர் ஒரு கையில் தன் குடையைத் தானே பிடித்துக்கொண்டு, மறு கையால் குழிக்கருகே உள்ள பந்தைத் தட்டிவிடலாம், அதற்குத் தடையில்லை. தாங்கியில் விரித்த குடையோடு வண்டியைத் தன்மேல் மழை விழாதபடி நிறுத்திவிட்டு அடிப்பது தவறு. எனவே பந்தை நெருங்கியதும் வண்டியைத் தள்ளி நிறுத்துவதே நல்லது. பைக்கு நிழல் கிடைக்கட்டும். அடிப்பவர் அந்தச் சில நொடிகள் நனைய வேண்டியதுதான்.

வெயில் நாடுகளில் இதே தாங்கி வேறு வேலைக்குப் போகிறது. சென்னையில் ஏப்ரல், மே மாதங்களில் குடையின் பயன் நிழல்தான். கொடைக்கானலிலும் நுவரெலியாவிலும் உள்ள மலை மைதானங்களில் மழையும் மூடுபனியும் ஸ்காட்லாந்தைப் போலவே தொல்லை தரும். வெயில் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும் என்பதை நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். புற ஊதாக் கதிர் மாதக்கணக்கில் படப்பட, தாங்கியின் மேற்பரப்பு வெளிறும். பிறகு மூட்டின் அருகே மயிரிழை போன்ற விரிசல்கள் தோன்றும். அவை தெரிந்தால் தாங்கியை மாற்றிவிட வேண்டும். ஆட்டம் முடிந்ததும் அதைப் பையிலேயே விட்டுவைக்காமல் கழற்றி உள்ளே வைத்தால் ஆயுள் நீளும்.

இடி மின்னல் வந்தால் கணக்கே வேறு. 1975இல் சிகாகோ அருகே பட்லர் நேஷனல் மைதானத்தில் நடந்த வெஸ்டர்ன் ஓபன் போட்டியின்போது லீ டிரெவினோ, ஜெர்ரி ஹெர்ட், பாபி நிக்கல்ஸ் என்ற மூன்று ஆட்டக்காரர்களை மின்னல் தாக்கியது. மூவரும் உயிர் பிழைத்தார்கள். டிரெவினோ முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியிருந்தது. திறந்த புல்வெளியில், ஆளைவிட உயரமாக, உலோக மட்டைகளின் நடுவிலிருந்து நிமிர்ந்து நிற்கும் குடை அத்தகைய நேரத்தில் இருக்கவே கூடாத பொருள். தண்டு கண்ணாடியிழையாக இருந்தாலும் நனைந்த மேற்பரப்பில் மின்சாரம் ஓடும். மின்னல் ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால் யாருடைய அனுமதியும் கேட்காமல் ஆட்டத்தை நிறுத்த விதி இடம் தருகிறது. வானம் முழங்கத் தொடங்கியதும் குடையை மடக்கிவிட்டு, வண்டியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, மரத்தடியைத் தவிர்த்து, கட்டடத்துக்குள்ளோ கண்ணாடிகள் மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். பக்கங்கள் திறந்த கோல்ஃப் வண்டி பாதுகாப்பான இடம் ஆகாது.