நெமிலிச்சேரிச் சாலையும் கால் மைல் பந்தயமும்

சென்னையிலிருந்து அரக்கோணம் மார்க்கத்தில் ரயிலேறிச் செல்வோர், பட்டாபிராமைத் தாண்டித் திருநின்றவூர் வருமுன் நெமிலிச்சேரி என்றொரு சிறு நிலையம் இருப்பதை அறிவர். வண்டலூரில் புறப்பட்டு மீஞ்சூரில் முடியும் 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலையைச் சர்க்கார் இரண்டு பகுதிகளாக நிர்மாணித்தபோது, முதற்பகுதி முடிந்ததும் இரண்டாவது பகுதி தொடங்கியதும் இவ்வூரில்தான். ஆறு வழிகள் கொண்ட அகன்ற சாலை. நெடுந்தூரம் நேராகக் கிடக்கிறது. பகலெல்லாம் துறைமுகத்து லாரிகள் ஓடுகின்றன. நடுநிசிக்கு மேல் இச்சாலையில் மோட்டார் சைக்கிள்களும், ஆட்டோ ரிக்ஷாக்களும், சில சமயம் கார்களும் பந்தயம் ஓடுவதுண்டு என்பதைச் சுற்றுப்புறத்தார் எவரும் அறிவர். போலீஸார் வண்டிகளைப் பறிமுதல் செய்வதும், வாலிபர்களைக் கைது செய்வதும், சில வாரங்களில் பந்தயம் மறுபடி தலையெடுப்பதும் வழக்கமாகிவிட்டன. நேயர்களில் பலர் இதை ஒரு போக்கிரித்தனம் என்று சொல்லி மேலே படிக்காமல் விட்டுவிடக் கூடும். சற்றுப் பொறுக்கும்படி வேண்டிக்கொள்கிறோம்.

இரு கார்கள் அருகருகே நின்று, விளக்கு மாறியவுடன் புறப்பட்டு, நேர்க்கோட்டில் கால் மைல் ஓடி, முன்னே எல்லையைத் தொடுவது எது என்று பார்க்கும் பந்தயம் அமெரிக்காவில் பெரிய கலையாகவும் பெரிய வியாபாரமாகவும் வளர்ந்திருக்கிறது. அதற்கு ‘டிராக் ரேஸ்’ என்று பெயர். கால் மைல் என்பது 1,320 அடி, அதாவது 402 மீட்டர். வளைவில்லை, திருப்பமில்லை, அபாயம் எங்கிருந்து வரப்போகிறது என்று கேட்கத் தோன்றும். அபாயம் இஞ்சினுக்குள்ளிருந்தே வருகிறது. இவ்விஷயத்தில் 2008ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதி நடந்ததை நம் வாலிபர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

அன்று நியூஜெர்ஸி ராஜ்யத்தில் இங்கிலீஷ்டவுன் என்னும் இடத்துப் பந்தயப் பாதையில் தகுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. ஸ்காட் கலிட்டா என்பவர் வண்டியில் இருந்தார். அவருக்கு வயது 46. புதியவரல்லர், 1994லும் 1995லும் தேசிய சாம்பியன் பட்டம் பெற்றவர். இத்தொழிலில் பெயர் பெற்ற தந்தைக்குப் பிறந்து, அதே தொழிலில் வளர்ந்தவர். அவர் ஓட்டிய வண்டி பெட்ரோலால் ஓடுவதன்று; நைட்ரோமீத்தேன் என்னும் உக்கிரமான எரிபொருளைக் குடித்துப் பல்லாயிரம் குதிரைச் சக்தியை எழுப்புவது. எல்லைக்கோட்டை நெருங்குகையில், மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தில், இஞ்சின் வெடித்துத் தீப்பற்றிற்று. அத்தகைய வண்டியை நிறுத்தப் பின்புறம் பாராசூட்டுகள் விரிய வேண்டும். அவை சேதமுற்றுப் பயன்படாமற் போயின. வேகம் குறையவில்லை. பாதையின் முடிவில் வண்டியைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே நிரப்பியிருந்த மணலையும் கடந்து சென்று வண்டி மோதிற்று. கலிட்டா உயிரிழந்தார்.

அதன் பிறகு நடந்ததைக் கவனிக்க வேண்டும். ‘விதி’ என்று சொல்லி யாரும் வீட்டுக்குப் போய்விடவில்லை. இரண்டு வாரங்கள் கழியுமுன் அந்நாட்டுப் பந்தய ஸ்தாபனம், மிக்க வேகமுள்ள இரு வகை வண்டிகளுக்கும் ஓட்டத்தை 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைத்தது. எல்லைக்கோடு 320 அடி பின்னுக்கு வந்தது. நிறுத்துவதற்கு அவ்வளவு தூரம் கூடுதலாகக் கிடைத்தது. இதற்கு முன்பும் இப்படியே நடந்திருக்கிறது. 1970ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் கலிபோர்னியாவில் டான் கார்லிட்ஸ் என்பவரது வண்டியில் கியர் பகுதி வெடித்து, வண்டி இரண்டாகப் பிளந்து, அவரது வலது பாதத்தில் ஒரு பகுதி போயிற்று. அவர் ஆஸ்பத்திரியில் படுத்தபடியே யோசித்தார்: வெடிக்கக்கூடிய யந்திரத்தை ஓட்டுபவனுக்கு முன்னால் ஏன் வைக்க வேண்டும்? மறு வருஷம் இஞ்சினைத் தம் முதுகுக்குப் பின்னால் அமைத்த வண்டியில் வந்து ஜயித்தார். பிறரும் அவ்வழியே சென்றனர்.

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பிறகும் அபாயம் அற்றுப் போகவில்லை. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் வர்ஜீனியா ராஜ்யத்தில், பதினாறு முறை சாம்பியனான ஜான் ஃபோர்ஸ், தமது 75வது வயதில், இஞ்சின் வெடித்ததால் வண்டி கட்டுக்கடங்காமல் பக்கத்துப் பாதைக்குள் பாய்ந்து சுவரில் மோத, மூளையில் பலத்த காயமடைந்தார். தீத்தாங்கும் உடையும், உருக்குக் கூண்டும், சில விநாடிகளில் ஓடி வரும் மீட்புப் படையும் இருந்தபடியால் அவர் பிழைத்தார்.

நெமிலிச்சேரிச் சாலையில் இவற்றுள் எது இருக்கிறது?

இங்கே ஓடுபவை 480 கிலோமீட்டர் வேகத்து வண்டிகள் அல்லவே என்று சிலர் சமாதானம் சொல்லலாம். கணக்குப் பார்ப்போம. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் கார், ஓட்டுபவன் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதித்து நிற்பதற்குச் சுமார் 70 மீட்டர் வேண்டும். 160 கிலோமீட்டரானால், வேகம் இரட்டித்திருக்க, தூரம் இரட்டிப்பதோடு நிற்பதில்லை. 200 மீட்டருக்கு மேல் ஆகிறது. இதுவும் இஞ்சின் நன்றாயிருந்து, டயரும் சாலையும் உலர்ந்திருக்கும்போது.

இஞ்சின் பழுதானால் என்ன ஆகும்? சாதாரணக் காரில் பிரேக்குக்குத் துணை நிற்பது இஞ்சின் உண்டாக்கும் வெற்றிடச் சக்தி. இஞ்சின் நின்றதும் ஒன்றிரண்டு முறை மிதிப்பதற்குத்தான் அந்தச் சக்தி மிஞ்சியிருக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். பல வண்டிகளில் ஸ்டியரிங்கும் அப்படியே கனத்துவிடும். பிஸ்டனோ பேரிங்கோ இறுகி இஞ்சின் ‘சீஸ்’ ஆனால், கிளட்சை அக்கணமே மிதிக்காதவனுக்கு ஓட்டும் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். எல்லாவற்றிலும் கொடியது கனெக்டிங் ராடு முறிந்து இஞ்சின் பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளிவருவது. சூடான எண்ணெய் கொட்டுகிறது. அது புகைக்குழாயில் பட்டுத் தீப்பிடிக்கிறது. தன் சக்கரத்தின் கீழேயே பாய்ந்து சாலையை வழுக்குப் பாறையாக்குகிறது. தொழிற்சாலை அமைத்த அளவுக்கு மேல் சக்தி வேண்டுமென்று டர்போவின் அழுத்தத்தை ஏற்றி, கணினிப் பெட்டியின் கட்டளைகளை மாற்றி, பழைய பிரேக்கையும் பழைய டயரையும் அப்படியே வைத்துக்கொண்டு வரும் வண்டிகளுக்கே இக்கதி எளிதில் நேர்கிறது. எதிரே மணற்குழி இல்லை. லாரி நிற்கிறது. அல்லது இரவு வேலை முடிந்து அம்பத்தூரிலிருந்து திரும்பும் தொழிலாளி சைக்கிளில் வருகிறான். அவன் எந்தப் பந்தயத்திலும் சேர்ந்தவனல்லன்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு பொது இடத்தில் பந்தயம் ஓடுவதைக் குற்றமாக்குகிறது. முன்னே ஒரு மாதச் சிறையும் 500 ரூபாய் அபராதமுமாக இருந்த உச்ச தண்டனை, 2019ஆம் வருஷத்துத் திருத்தத்தால் மூன்று மாதமும் 5,000 ரூபாயுமாயிற்று. மறுமுறை செய்தால் ஓராண்டும் 10,000 ரூபாயும். மைனர் பையன் வண்டியோட்டிக் குற்றம் செய்தால், தமக்குத் தெரியாது என்றோ, தடுக்க முயன்றோம் என்றோ நிரூபிக்காத பெற்றோருக்கு 199-ஏ பிரிவின்படி மூன்றாண்டுச் சிறை. பிள்ளைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பெருமை பேசும் தகப்பன்மார் இதை ஒருமுறை படித்துப் பார்ப்பது நலம். வண்டியைப் பந்தயத்துக்கோ வேகப் பரீட்சைக்கோ பயன்படுத்தினால் பொறுப்பில்லை என்று சாதாரண இன்ஷியூரன்ஸ் பத்திரத்திலும் கண்டிருக்கிறது.

ஆனால் அதே 189ஆம் பிரிவில் யாரும் உரக்கப் படிக்காத சில சொற்கள் இருக்கின்றன. ராஜ்ய சர்க்காரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஓடுவதுதான் குற்றம். சம்மதம் பெற்று ஓடலாம். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பர் முதல் தேதியிலும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் நகரத்துச் சாலையிலேயே, இரவில், விளக்கொளியில், பந்தயக் கார்கள் ஓடியதை ஜனங்கள் கண்டனர். சர்க்கார் முன்னின்று நடத்திய வைபவம் அது. அது கூடாதென்று நாம் சொல்லவில்லை. தீவுத்திடலில் வேடிக்கை பார்க்க அழைக்கப்பட்ட அதே வாலிபன் நெமிலிச்சேரியில் கைது செய்யப்படுகிறான். இரண்டுக்குமிடையே அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்க என்ன வழி வைத்தோம் என்று கேட்கிறோம்.

வழி ஒரு காலத்தில் இருந்தது. இதே வெளிவட்டச் சாலையில் வடக்கே சென்றால் எட்டும் தூரத்திலுள்ள சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்த காலத்து விமான ஓடுபாதையில், சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடத்தினர். ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. தாமே வெட்டி ஒட்டிக் கட்டிய வண்டிகளைக் கொண்டுவந்து நம்மவர் அங்கு ஓட்டினர். 1990ஆம் ஆண்டையொட்டி ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் வளைபாதை அமைந்தது. நேர்க்கோட்டுப் பந்தயங்களும் அங்கே நடைபெற்றதுண்டு. எனினும் பட்டாபிராம் மெக்கானிக் ஷாப்பில் நாட்கூலிக்கு உழைக்கும் பையன் அந்த வாயிலை நெருங்குவதற்குக் கையில் பணம் வேண்டும், லைசென்ஸ் வேண்டும், அறிமுகம் வேண்டும்.

அமைத்த பாதையிலும் மரணம் நேர்வதில்லையா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாகவே பதில் சொல்ல வேண்டும். நேர்கிறது. இருங்காட்டுக்கோட்டையிலேயே 2023ஆம் ஆண்டு ஜனவரியில் அநுபவம் மிக்க பந்தய வீரர் கே. ஈ. குமார், 59 வயதில், கார் தடம் விட்டுப் புரண்டு உயிரிழந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் மாண்டான். பதின்மூன்று வயதுப் பிள்ளையை அந்த வேகத்தில் விடலாமா என்ற கேள்வி நம் மனத்தை விட்டு இன்னும் அகலவில்லை. ஆயினும் அங்கே டாக்டர் இருந்தார், வண்டி பரிசோதிக்கப்பட்டது, விபத்து கண்டவுடன் பந்தயம் நிறுத்தப்பட்டது. பந்தயத்துக்குச் சம்பந்தமில்லாத வழிப்போக்கன் எவனும் சாகவில்லை.

1955ஆம் ஆண்டு ஆவடி காங்கிரஸ் மகாசபையில் சோஷலிச மாதிரிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானித்த மண் இது. பின்னர் அங்கேயே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்து, டாங்கிகள் செய்யக் கற்றுக்கொண்டோம். இப்பக்கத்து வாலிபர்களின் கை யந்திரம் தெரிந்த கை. இஞ்சினின் சப்தத்தைக் கேட்டே எந்த வால்வு சரியில்லை என்று சொல்லும் பிள்ளைகள் பட்டாபிராமிலும் அம்பத்தூரிலும் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆசையை லாக்கப்பில் அடைத்து மாய்க்கவும் முடியாது, நடுச்சாலையில் அவிழ்த்துவிடவும் கூடாது.

ஆவடி போலீஸ் கமிஷனரேட் நடுநிசி ரோந்தைத் தளர்த்த வேண்டாம். அதோடு, சர்க்கார் இப்பகுதியில் கால் மைல் நேர்ப்பாதையும், அதற்கு அப்பால் நிறுத்துவதற்கு இன்னொரு கால் மைலும், முடிவில் மணற்குழியும் கொண்ட ஓரிடத்தை ஒதுக்கட்டும். மாதம் இரண்டு இரவுகள் போதும். சிறு கட்டணம் வைக்கலாம். பிரேக்கையும் டயரையும் சோதிக்காமல் எந்த வண்டியையும் உள்ளே விடலாகாது. பதினெட்டு நிரம்பாதவன் வேடிக்கை மட்டும் பார்க்கட்டும். தீவுத்திடலுக்கு எழுத்து மூலமான சம்மதம் தயாரித்த அதிகாரிகளுக்கு இதற்கும் ஒன்று எழுதத் தெரியாமற் போகாது. விளையாட்டு இலாகா முதலில் கையெழுத்திடுவதா, போக்குவரத்து இலாகா முதலில் கையெழுத்திடுவதா என்ற சர்ச்சை எழுமானால், அதை அடுத்த மழைக்காலத்துக்குமுன் தீர்த்துக்கொள்ளும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறோம். ஈரச் சாலையில் நாம் மேலே சொன்ன 200 மீட்டர் போதாது.